லாரியோனில் வெள்ளி இருந்தது, தண்ணீர் இல்லை

அன்புள்ள ஐயா,

பாரசீகர்களை எதிர்த்த சலாமிஸ் கடற்போருக்கான ஏதென்ஸின் கப்பல்கள் லாரியோன் சுரங்கங்களின் வெள்ளி தந்த பணத்தில் கட்டப்பட்டவை என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளி கட்டியாகவே கிடைத்ததா? தாது என்றால் கழுவ வேண்டுமே, ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவோ வறண்ட பூமி. கடைசியில் அந்தச் சுரங்கங்களை ஸ்பார்ட்டா பிடித்துக்கொண்டதா?

கே.

அன்புள்ள கே,

கட்டியாகக் கிடைக்கவில்லை. அட்டிகாவின் தென்கோடியான சூனியன் முனைக்கு வடக்கே உள்ள அந்தக் குன்றுகளில் இருந்தது ஈயத்தாது. அதை உருக்கி வரும் ஒரு டன் ஈயத்தில் ஓரிரு கிலோ வெள்ளி தேறும், அவ்வளவுதான். கி.மு. 483 வாக்கில் வளமான படிவு சிக்கியபோது, ஆளுக்குப் பத்து டிராக்மா (வெள்ளி நாணயம்) பங்கிட இருந்த பணத்தை ஏதென்ஸின் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் கப்பல் பக்கம் திருப்பினார். 200 கப்பல் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்களே, அதுதான் சரியான கேள்வி. அங்கே ஆறு கிடையாது. மழைநீரைப் பெரிய தொட்டிகளில் தேக்கி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள்.

முதலில் தாதுவை உரலில் இடித்து, திருகையில் அரைப்பார்கள். பருமனாக விட்டால் ஈயம் கல்லோடு ஒட்டிக்கொண்டு கல்லோடே போய்விடும். மாவாக்கினால் தண்ணீர் அடித்துச் சென்றுவிடும். பக்குவம் இரண்டுக்கும் நடுவே. பிறகு கழுவுகளம்: உயரமான ஒரு தொட்டி, அதன் சுவரில் வரிசையாகப் புனல் வடிவத் துளைகள், கீழே சாய்வான தளம். துளைகளில் பீறிடும் நீர் கல்தூளை அடித்துச் செல்லும். கனமான ஈயத்தாது தங்கிவிடும். கல்லின் அடர்த்தி 2.7 என்றால் இதற்கு 7.5. தாது தங்கியது தளத்திலேயா, அதன்மேல் வைத்த குழிவுள்ள மரப்பலகையிலா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கலங்கிய நீர் ஓடும் வழி மட்டும் தெளிவு. உலர்த்தும் மேடையை நாற்புறமும் சுற்றும் வாய்க்காலில் போய், இடையிடையே உள்ள குழிகளில் வண்டலை இறக்கிவிட்டு, தொட்டியடிக்கே திரும்பி வரும். அங்கே ஓர் அடிமை அதை மொண்டு மேலே ஊற்றுவான்.

உருக்கிய ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரிக்க, ஆழமற்ற உலைக்குழியில் காற்றூதிக் காய்ச்சினார்கள். ஈயம் காற்றோடு சேர்ந்து, நம் நாட்டு மருந்துக்கடை மிருதார்சிங்கியாக மாறும். அதை வழித்தெடுக்க எடுக்க வெள்ளி மிஞ்சும். சூடு 890 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மிருதார்சிங்கி உறைந்து ஏடாக மூடிக்கொள்ளும், காற்று ஈயத்தைத் தொடாது, வேலை நின்றுபோகும். முடிவில் இன்னும் ஏற்ற வேண்டும், வெள்ளி உருகுவது 962 டிகிரியில். தண்ணீருக்கு அடுத்த தட்டுப்பாடு ஏன் கரி என்பது இதில் புரியும். வழித்த மிருதார்சிங்கியையும் வீணாக்கவில்லை: நீர்த்தொட்டிகள் கசியாதிருக்க உட்பூச்சில் கலந்தார்கள்!

ஸ்பார்ட்டா சுரங்கங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. ஏதென்ஸோடு நடந்த போரில், கி.மு. 413இல் ஏதென்ஸுக்கு வடக்கே தெக்கேலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்தது. அட்டிகாவிலிருந்து 20,000க்கும் மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போனதாக அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார், பெரும்பாலும் கைத்தொழில் தெரிந்தவர்கள். ஒரு மீட்டர்கூட உயரமில்லாத சுரங்க வழிகளில் தவழ்ந்து வெட்டவும், நீர் மொள்ளவும், உலை பார்க்கவும் ஆளில்லை. சில ஆண்டுகளில் ஏதென்ஸ் செம்புக்கு வெள்ளி முலாம் பூசி நாணயம் அடித்தது.