செல்போன் எடுத்த மாணவனுக்கு டிசியா, போலீஸா? குற்றச் சமூகவியல் எங்கே கைகொடுக்கும்

கேள்வி: குடியாத்தம் பக்கம் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர், மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் சார்ஜில் இருந்த செல்போனை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளில் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் போன் கைமாறிவிட்டது. டிசி கொடுத்துவிடலாம் என்கிறார் தலைமையாசிரியர். போலீஸில் சொல்ல வேண்டும் என்கிறார்கள் சிலர். எம்.ஏ. சமூகவியலில் படித்த கோட்பாடுகளில் எதை இங்கே எடுப்பது?

பதில்: எது சரியான கோட்பாடு என்று தேடாதீர்கள். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது. பாடத்தில் துர்கைம், மெர்ட்டன் என்று சமூகவியலாளர்கள் வரிசையாக வருவார்கள். பள்ளியில் அந்த வரிசை உதவாது. முதலில் எடுக்க வேண்டியது முத்திரைக் கோட்பாடு: ஊர் ஒட்டும் பெயரே ஒருவனை மேலும் தவறுக்குத் தள்ளும் என்பது. மற்ற தவறுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஒரு பையன்மேல் விழுந்த பெயரை அப்படித் துடைக்க முடியாது.

இந்தக் கோட்பாட்டுக்கு அடிபோட்ட எட்வின் லெமர்ட் 1951-ல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். ஏதோ ஒரு காரணத்தால் ஒருவன் செய்துவிடும் முதல் தவறு ஒன்று. ஊர் அவனைத் ‘திருடன்’ என்று அழைத்து, அவனும் அந்தப் பெயருக்குள் குடிபுகுந்த பிறகு செய்யும் தவறு இன்னொன்று. உங்கள் மாணவர்கள் இன்னும் முதல் நிலையில்தான் இருக்கிறார்கள். நம் மண்ணுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டபோது, பிறப்பையே குற்றமாக எழுதி வைத்தார்கள். 1947-ல் மாகாணத்தில் சட்டம் போனது. அந்தப் பெயர் எத்தனை குடும்பங்களை இன்னும் விடவில்லை என்று பாருங்கள்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: இந்த விஷயம் யார் யாருக்குத் தெரியும் என்று கணக்கெடுத்து, அதோடு நிறுத்துங்கள். காலை பிரேயரில் மேடையேற்றக் கூடாது. ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பெயரோ படமோ போகக் கூடாது. வழக்கு என்று ஆகிவிட்டால், சிறுவனின் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளத்தையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 74-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

போலீஸ் பற்றி: 18 வயதுக்குட்பட்டவர்மேல், கொடிய குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழிய முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்கின்றன இச்சட்டத்துக்கான 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள். காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையோடு, சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். ‘ரெண்டு தட்டு தட்டி அனுப்பச் சொல்லலாம்’ என்று யாராவது சொன்னால், அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் போனை வாங்கிய ஆள் பெரியவராக இருந்து, ‘எடுத்துட்டு வா, காசு தர்றேன்’ என்று முன்பே சொல்லியிருந்தால் கதை வேறு. குழந்தையைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவருக்கு அதே சட்டத்தின் 83-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அப்போது புகார் கொடுத்தே தீர வேண்டும். காவல் நிலையத்தில் குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள்.

பெரியவர் யாராவது தூண்டினாரா என்பது தெரிய, மூவரையும் தனித்தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். அங்கேதான் சமூகவியலாளர்கள் சைக்ஸும் மாட்ஸாவும் 1957-ல் எழுதியது கைக்கு வரும். தவறு செய்யும் சிறுவனுக்கு நல்லது கெட்டது தெரியாமல் இல்லை. தெரிந்தும், அந்த நேரத்துக்கு மனசாட்சியை ஓரமாக வைக்க ஐந்து சமாதானங்கள் வைத்திருக்கிறான் என்றார்கள். உங்கள் காதில் அவை இப்படி விழும்: ‘நான் இன்னா மிஸ் பண்றது, அவன்தான் கூப்ட்டான்.’ ‘பழைய போன்தானே, இன்னா கொறஞ்சிடப் போவுது?’ ‘அந்த சார் எங்களை அடிப்பாரு, அவருக்கு வேணும்.’ ‘இங்க யாரு மிஸ் ஒழுங்கா கீறாங்க?’ ‘ஃபிரண்டுக்காகச் செஞ்சேன்.’ எதைச் சொல்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுக்க வேண்டியது அதைத்தான். ‘பழைய போன்’ என்பவனிடம் ஒழுக்கப் பிரசங்கம் எடுபடாது. அந்தப் போனோடு போன படங்கள், எண்கள், இன்னும் கட்டிமுடிக்காத தவணை என்று பறிகொடுத்தவர் வாயாலேயே கேட்கட்டும். ‘சார் அடிப்பாரு’ என்பது உண்மையாக இருந்தால், அதைத் தனியாக விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்காமல் விட்டால் அவன் சமாதானம் இன்னும் கெட்டிப்படும்.

மூவரில் யார் யாரிடம் கற்றார் என்பது, குற்றமும் பழக்கத்தில் கற்றுக்கொள்வதுதான் என்ற சதர்லேண்டின் கேள்வி. பழக்கம் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு காலம், எந்த வயதிலிருந்து, எவ்வளவு நெருக்கம் என்ற நான்கையும் அவர் பார்க்கச் சொன்னார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததாலேயே மூவரும் ஒரே கணக்கு ஆகிவிடமாட்டார்கள். ‘அந்த ஏரியாப் பசங்களே அப்படித்தான்’ என்ற பேச்சு ஸ்டாஃப் ரூமில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சிகாகோவில் ஷா, மெக்கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டது இதற்கு நேர் எதிர். குடியிருந்த இனத்தவர் மாறிமாறி வந்தும், சில பகுதிகளில் சிறார் குற்றம் குறையவில்லை. அங்கிருந்து நல்ல பகுதிக்குக் குடிபோன அதே இனத்தாரிடம் அது குறைந்தது. குறை ரத்தத்தில் இல்லை.

டிசி விஷயத்துக்கு டிராவிஸ் ஹிர்ஷி, 1969. ஒருவனைத் தவறிலிருந்து பிடித்துவைப்பது நான்கு கட்டுகள் என்றார்: பாசம், படிப்பில் போட்டுவைத்த முதலீடு, அன்றாட ஈடுபாடு, ஊர் விதிகள்மேல் நம்பிக்கை. பத்தாம் வகுப்புக்கு ஓராண்டு இருக்கையில் டிசி கொடுத்தால் நான்கும் ஒரே நாளில் அறுந்துபோகும். எட்டாம் வகுப்பு வரை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. ஒன்பதில் அந்தக் காப்பு இல்லை என்பதால் பொறுப்பு முழுக்க உங்களுடையது. வெறுமனே கபடி அணியில் சேர்த்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நான்கில் ஈடுபாடுதான் ஆய்வுகளில் வலுக்குறைவாக நின்றது. அவன் மதிக்கும் ஓர் ஆசிரியர் தினமும் ஐந்து நிமிடம் பேசுவது அதைவிட இறுக்கிப் பிடித்துவைக்கும்.

தண்டனையே வேண்டாமா? வேண்டும். வெட்கத்தில் இரண்டு வகை என்று 1989-ல் ஜான் பிரெய்த்வைட் விளக்கினார்: ஒன்று ஒதுக்கித் தள்ளும், மற்றது கண்டித்துச் சேர்த்துக்கொள்ளும். பெற்றோர், பறிகொடுத்த ஆசிரியர், நீங்கள், தலைமையாசிரியர் என அவனுக்கு வேண்டியவர்கள் மட்டும் உட்காருங்கள். செய்ததைப் பேசுங்கள், அவன் குணத்தைப் பேசாதீர்கள். போன் விலையை மூன்று குடும்பமும் மாதத் தவணையாகக் கொடுக்கட்டும். தொகையும் கடைசித் தேதியும் தாளில் இருக்கட்டும். தேதி இல்லாவிட்டால் அந்தப் பேச்சு ஓயவே ஓயாது. பணத்துக்காகப் பையனைத் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்கு அனுப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குள் அது சட்டம் தடுத்த ஆபத்தான வேலை. உட்கார்ந்து எழும் முன், ‘இதோடு முடிந்தது’ என்று தலைமையாசிரியர் வாயால் சொல்ல வேண்டும். பல பள்ளிகள் இந்த ஒன்றை விட்டுவிடுகின்றன.

மெர்ட்டன் 1938-ல் சொன்ன, ஆசைக்கும் வழிக்கும் இடையிலான இடைவெளி இங்கே ஓரளவுதான் உதவும். விற்ற காசு வீட்டு அரிசிக்குப் போயிருந்தால் அந்த வீட்டுக்கு உதவி தேடுங்கள். வறுமையையே காரணமாக்கினால், அதே வறுமையில் எடுக்காமல் இருக்கும் நாற்பது பேருக்கு உங்களிடம் விளக்கம் இருக்காது.

ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு பூட்டு போடுங்கள். ஆசையுள்ள ஒருவன், எளிதான பொருள், பார்க்க ஆளில்லாத நேரம் மூன்றும் கூடினால்தான் திருட்டு நடக்கும் என்றார்கள் கோஹனும் ஃபெல்சனும், 1979-ல். மூன்றில் இரண்டு உங்கள் கையில் இருக்கிறது.

விசாரணைக் குறிப்பு தலைமையாசிரியர் பீரோவில் ஒரே பிரதியாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பு முடிந்து பையன் டிசி வாங்க வரும்போது, ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்ற வரியில் ‘நன்று’ என்றே எழுதுங்கள்.