பழைய வண்டி கேள்வி பதில்: உப்புக்காத்துல ஒரு கன்டெஸ்ஸா

இந்த மாசம் வந்த தபால்ல பாதிக்கு மேல பழைய கன்டெஸ்ஸா கார் பத்தின கேள்விதான், ஏன்னு தெரியல, எல்லார் வீட்டுப் பின்னாடியும் ஒண்ணு நிக்குது போல.

கேள்வி (கீழக்கரை): அண்ணே, வாப்பா 1994-ல வாங்குன கன்டெஸ்ஸா கிளாசிக், 1.8 இசுசு பெட்ரோல் இன்ஜின். வாப்பா மவுத்தான பிறகு ஒம்பது வருஷமா வேப்பமரத்தடியிலயே நிக்குது. நான் துபாய்ல இருந்து ஊரோட வந்துட்டேன், அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி மஸ்டாங்கும் சேலஞ்சரும்னு அமெரிக்க காருங்க உறுமிக்கிட்டு போறத பாத்து பாத்து, இதையும் கறுப்பு அடிச்சு நடுவுல வெள்ளைப் பட்டை போட்டு எடுக்கணும்னு ஆசை. பெயிண்டர் ஒன்றரை லட்சம் கேக்குறாரு. மெக்கானிக் இன்ஜின முதல்ல இறக்கணும்ங்கிறாரு. எதுல ஆரம்பிக்க?

பதில்: ரெண்டு பேரையும் ரெண்டு மாசம் கழிச்சு வரச்சொல்லுங்க தம்பி. இப்ப உங்களுக்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்ன சுத்தி, ஒரு டார்ச் லைட். உள்ள விரிச்சிருக்கிற கார்ப்பெட்ட பூரா பிச்சு வெளிய எடுங்க, அது ஒம்பது வருஷமா ஈரத்த குடிச்சு வச்சிருக்கும். அப்புறம் காலடி தகரத்த சுத்தியால தட்டிக்கிட்டே வாங்க, டங்குனு கேட்டா உசிரோட இருக்கு, சொத்துனு கேட்டா அங்க ஸ்க்ரூ டிரைவர வச்சு அழுத்துங்க, பெரும்பாலும் மறுபக்கம் மண்ணு தெரியும். கதவுக்கு கீழ முன்ன இருந்து பின்ன வரைக்கும் நீளமா ஒரு பெட்டி மாதிரி ஓடுதுல்ல, அதுதான் முக்கியம். ஜீப்புக்கு இருக்கிற மாதிரி கன்டெஸ்ஸாவுக்கு தனியா சேஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியே தான் சேஸ், அந்தப் பெட்டியும் தரையும் போச்சுன்னா வண்டிக்கு முதுகெலும்பு போச்சு. ஒரு பக்கம் ஜாக்கி போட்டு மெதுவா தூக்கிப் பாருங்க, கதவு இடுக்கு மாறுனாலோ கதவு சாத்த மாட்டேன்னாலோ விஷயம் என்னன்னு புரிஞ்சிடும்.

நான் பட்டறை போட்ட புதுசுல உச்சிப்புளி பக்கமிருந்து ஒரு பத்மினி கார் வந்துச்சு, மேல் வேலை மட்டும் போதும்னாங்க, நானும் வயசுக் கோளாறுல பட்டி போட்டு தேச்சு சிவப்பு அடிச்சு கண்ணாடி மாதிரி குடுத்துட்டேன், ஏழாவது மாசம் பஞ்சர்னு அவரு ஜாக்கி போட்டா வண்டி எந்திரிக்கவே இல்ல, ஜாக்கி மட்டும் தரைய பொத்துக்கிட்டு சீட்டுக்கு அடியில எட்டிப் பாத்திருக்கு. காச திருப்பிக் குடுத்தேன். அதுலருந்து எந்த வண்டி வந்தாலும் கீழ படுத்துப் பாக்காம விலை சொல்றதில்ல.

இங்க துரு எப்படி வருதுன்னு ஒரு தடவ புரிஞ்சுக்கங்க. மழையே பெய்யலன்னாலும் காத்துல வர்ற உப்பு தகரத்துல உக்காந்திடும். சாதா சோத்து உப்பே காத்துல ஈரப்பதம் முக்கால் பங்கு தாண்டுனா தானா தண்ணியா கரையும், கடல் உப்புல மக்னீசியமும் கலந்திருக்கறதால அதுக்கும் முன்னாடியே கசிய ஆரம்பிச்சிடும். அப்ப நம்ம ஊர்ல ராத்திரிக்கு ராத்திரி வண்டி நனையுதுன்னு அர்த்தம், வெயில்ல நின்னாலும். 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு ஆள் வச்சு பெயிண்ட் அடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க, அதுக்கே நடுவுல கப்பலுக்குத் திறக்கிற பகுதி அரிச்சுப்போய் 2022 டிசம்பரோட ரயில் நின்னுச்சு. 2025-ல திறந்த புதுப் பாலத்துல இணைப்ப எல்லாம் முழுசா வெல்டிங் பண்ணிட்டாங்க. ரெண்டு தகரம் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற இடுக்குலதான் உப்பு குடியிருக்கும், கார்ல அந்த மாதிரி இடுக்கு நூத்துக்கணக்குல இருக்கு.

அதனால வேலை வரிசை இதுதான். அரிச்ச தகரத்த நல்ல தகரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுக்கணும், மேல ஒட்டுத் தகரம் வச்சு மூடக்கூடாது. வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்க பைப் வச்சு வெல்டிங் பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா பாடி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுரும், அப்புறம் எந்தக் கதவும் சேராது. கேஸ் வெல்டிங்ல தகரம் நெளியும், சிஓ2 வெல்டிங் இருக்கிற ஆள தேடிப் பிடிங்க. சுரண்டி முடிச்சதும் நேரா ப்ரைமர் அடிக்காதீங்க. உப்புத்தாள் போட்டு தேச்சா துரு போயிடும், காத்துல வந்த உப்பு போகாது, அது கண்ணுக்குத் தெரியாம குழிக்குள்ள இருந்துக்கிட்டு ஆறே மாசத்துல பெயிண்ட கொப்புளமா தூக்கிடும். நல்ல தண்ணியில மூணு நாலு தடவ கழுவுங்க. நல்ல தண்ணின்னா நல்ல தண்ணி, போர் தண்ணி இல்ல! வீட்டு போர் தண்ணிய நாக்குல வச்சாலே தெரியும், அதுல வண்டி கழுவுறதும் கடல்ல முக்கி எடுக்கிறதும் ஒண்ணுதான். காவிரித் தண்ணி குடத்துக்கு கணக்கு பாக்குற ஊர்ல கார் கழுவச் சொன்னா வீட்ல அடி விழும், அதனால ஐப்பசி கார்த்திகையில மாடித் தண்ணிய ரெண்டு டிரம்ல பிடிச்சு வச்சுக்கங்க. கழுவி, ஊதிக் காயவச்சு, அன்னைக்கே எபாக்சி ப்ரைமர் அடிச்சிரணும், ராத்திரி தங்குனா காலைல தகரம் மஞ்சளா பூத்து நிக்கும். பெயிண்ட் வேலைய மாசி, பங்குனியில வச்சுக்கங்க, அதுக்கு மேல கச்சான் காத்து கிளம்பிட்டா ஷெட்டுக்குள்ள இருந்தாலும் மணல் வந்து ஒட்டும்.

இன்ஜினப் பத்தி கவலைப்படாதீங்க, அந்த இசுசு கெட்டி. சாவி மட்டும் போட்டு சுத்திராதீங்க. பிளக்க கழட்டி நாலு ஓட்டையிலயும் கொஞ்சம் கியர் ஆயில் டீசல் கலந்து ஊத்தி ஒரு வாரம் விட்டுட்டு, கீழ புல்லியில ஸ்பேனர் போட்டு கையால திருப்பிப் பாருங்க. அதே இன்ஜின் 1800 அம்பாசடர்லயும் வந்ததால ஸ்பேர் மதுரையில தேடுனா கிடைக்கும், கண்ணாடி ரப்பரும் பின் விளக்கும்தான் கிடைக்காது, எங்கயாச்சும் காயலாங்கடையில முழு வண்டியா கண்டா யோசிக்காம கழட்டிட்டு வந்துருங்க. ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு, அதுல பேரம் வேண்டாம். பெட்ரோல் ஹோஸும் அப்படித்தான், இப்ப வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பர கரைக்கும், டேங்க்ல ஈரத்தையும் இழுக்கும்.

வெள்ளைப் பட்டை அடிங்க, தாராளமா. கடைசியா.

கேள்வி (பரமக்குடி): கன்டெஸ்ஸாவ இந்தியாவோட மஸில் கார்னு சொல்றாங்களே, உண்மையா?

பதில்: முகத்தப் பாத்து சொல்றது. நடுத்தர சைஸ் பாடியில பெரிய வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின தூக்கி வச்சு மலிவா வித்ததுதான் மஸில் கார், 1964-ல வந்த அமெரிக்க கார் போன்டியாக் ஜிடிஓ-வ பலரும் முதல்னு சொல்வாங்க, 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். நம்மாளு 1984-ல பிறக்கும்போது அம்பாசடர்ல இருந்த 1489 சிசி இன்ஜின், அம்பது குதிரைக்கு பக்கம், ஏசி போட்டா அதுவும் மூச்சு வாங்கும். பாடி இங்கிலாந்து வாக்ஸால் விக்டரோடது, கட்டுனது மேற்கு வங்காளத்துல உத்தர்பாராவுல, 2002 வரைக்கும். ஆனா பின் வீல் ஓட்டம், நீள பானட், அந்த அகலம், பாத்தா தப்பு சொல்லத் தோணாது. (1964-ன்னு எழுதுனதும் கை தானா தனுஷ்கோடின்னு எழுதப் போகுது, அந்த டிசம்பர்ல தான் புயல்ல ஊர் போச்சு. நம்ம பக்கம் அந்த வருஷத்துக்கு வேற அர்த்தமே கிடையாது.)

கேள்வி (தங்கச்சிமடம்): எங்க தெருவுலயே ஃபைபர் வள்ளம் கட்டுற ஆள் இருக்காரு. கார் தரையில விழுந்த ஓட்டைக்கு ரெசினும் ஃபைபர் மேட்டும் போட்டு அடைச்சிட்டா வெல்டிங் செலவு மிச்சம்தானே? கடல்லயே தாங்குது.

பதில்: கடல்ல தாங்குறது மொத்தமும் ஃபைபரா இருக்கிறதால. இங்க அத துருப்பிடிச்ச தகரத்து மேல ஒட்டப் போறீங்க, துருவுக்கும் ஃபைபருக்கும் பிடிமானம் கிடையாது, ரோட்டு குலுக்கல்ல ஓரம் விட்டுரும், அந்த இடுக்குல உப்புத்தண்ணி போய் உக்காந்தா வெளிய வர வழி இல்ல, நீங்களே துருவுக்கு வீடு கட்டி குடுத்த மாதிரி. அதோட வெளிய பாக்க நல்லா இருக்கும், அதுதான் இன்னும் ஆபத்து, சீட் போல்ட் மாட்டுற இடமும் சஸ்பென்ஷன் மாட்டுற இடமும் எப்ப விடும்னு யாருக்கும் தெரியாது. பேட்டரி வைக்கிற தட்டுக்கு மேல ஒரு கோட்டிங் வேணும்னா போட்டுக்கங்க, ஆசிட் தாங்கும். அந்த வள்ளக்காரர விட்றாதீங்க, உடைஞ்ச டேஷ்போர்டுக்கு அவரவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.

கேள்வி (தொண்டி): தாத்தாவோட 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கு, மெட்ராஸ்ல செஞ்சது. விண்டேஜ்னு பதிவு பண்ணா தினமும் ஓட்டலாமா?

பதில்: ஓட்ட முடியாது. 2021-ல வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாத்தம் பண்ணாத வண்டிதான் விண்டேஜ், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷம் செல்லும், ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இதுக்குத்தான் ரோட்டுக்கு எடுக்கலாம். தினமும் ஓட்டணும்னா சாதாரணமா எஃப்சி காட்டி ஆர்சிய புதுப்பிச்சுக்கங்க. ஹெரால்டுக்கு தனி சேஸ் இருக்கு, கீழக்கரைத் தம்பிய விட நீங்க கொடுத்து வச்சவங்க.

கேள்வி (மண்டபம்): கவர் போட்டு மூடி வச்சா துரு பிடிக்காதுல்ல?

பதில்: பிளாஸ்டிக் கவர்னா இட்லிச்சட்டிக்குள்ள வச்ச மாதிரி. காத்து போற ஓலைக் கொட்டகையே மேல்.

கேள்வி (பாம்பன்): அண்ணா, எங்க வீட்டுக்காரர் பழைய அம்பாசடர வாங்கிப் போட்டுக்கிட்டு, அந்தக் காலத்துல தோணிக்கு பூசுன மாதிரி மீன் எண்ணெய வாங்கிட்டு வந்து கார் அடியில பூசிக்கிட்டு இருக்காரு. வீடே நாறுது, தெருப் பூனை பூரா எங்க வாசல்ல. நிறுத்தச் சொல்லுங்க.

பதில்: கோவிச்சுக்காதம்மா, இதுல நான் அவரு பக்கம். அமெரிக்காவுல ரஸ்ட்-ஓலியம்னு பெரிய பெயிண்ட் கம்பெனி, அது ஆரம்பிச்சதே இப்படித்தான், துருப்பிடிச்ச கப்பல் தளத்துல மீன் எண்ணெய் சிந்துன இடத்துல துரு நின்னுபோனத ஒரு ஸ்காட்லாந்து கேப்டன் பாத்திருக்காரு, 1921-ல அதையே தொழிலாக்கிட்டாரு. ஆஸ்திரேலியாவுல இன்னைக்கும் கார் இடுக்குக்குள்ள மீன் எண்ணெய் அடிக்கிறாங்க. மெல்லிசா ஓடி இடுக்குக்குள்ள எல்லாம் போய் காஞ்சு தோல் மாதிரி ஆயிடும், அதுதான் அதோட குணம். பிரேக் டிரம், ரப்பர் புஷ், சைலன்சர் பக்கம் மட்டும் படாம பூசச் சொல்லு, ரப்பர் உப்பிரும், சைலன்சர்ல பட்டா வண்டி எடுக்கும்போதெல்லாம் பொரிச்ச வாசனை வரும். தண்ணி வெளிய போக அடியில இருக்கிற சின்ன ஓட்டைகள அடைச்சிறாம பாத்துக்கணும். நாத்தம் காயக் காய குறையும். அது வரைக்கும் வண்டிய கருவாடு காயப்போடுற பக்கம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லும்மா, யாருக்கும் வித்தியாசம் தெரியாது.