கேள்வி – பதில்: மாமாவின் குறிப்பேடு

கேள்வி: மும்பையில் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பிய என் மாமா சென்ற ஆண்டு காலமானார். அவரது அலமாரியில் கிடைத்த 1993ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் ‘பகல் எஸ்0=0, இரவு எஸ்0=1’, ‘ஏடிடிபி’, ‘1.30 – அஞ்சல்’ என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறார். நண்பர் வீட்டு ‘பிபிஎஸ்’ஸை அவர் பார்த்துக்கொண்டார் என்பது மட்டும் அத்தைக்குத் தெரிகிறது. இவற்றுக்கு என்ன பொருள், ஐயா?
– வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: உங்கள் மாமா ஒரு தொலைபேசிக் கம்பியைப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றே அந்த வரிகளை நான் வாசிக்கிறேன். பிபிஎஸ் என்பது புல்லட்டின் போர்டு சிஸ்டம், அதாவது கணினி அறிவிப்புப் பலகை. ஒருவர் வீட்டுக் கணினியை மற்றவர்கள், கணினித் தகவலைத் தொலைபேசி ஒலியாக மாற்றும் மோடம் என்ற கருவி மூலம் அழைத்து, செய்தி எழுதி வைக்கவும் கோப்புகளை எடுத்துக்கொள்ளவும் உதவிய ஏற்பாடு. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான். குறிப்பேடு அதற்கும் முந்தையது.

எஸ்0 என்பது, தொலைபேசியின் எத்தனையாவது மணியொலியில் மோடம் அழைப்பை எடுக்க வேண்டும் என்று சொல்லும் எண். பூஜ்யம் என்றால் எடுக்காது. ஒன்று என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடும். பகலில் அது வீட்டாரின் தொலைபேசி, இரவில் பலகையின் தொலைபேசி. இதை மாற்ற மறந்த நாளில், நலம் விசாரிக்க அழைத்த உறவினரின் காதில் மோடத்தின் கீச்சொலிதான் விழுந்திருக்கும். ‘ஏடிடிபி’ என்பது மோடத்தை எண் சுழற்றச் சொல்லும் கட்டளை. அதன் இறுதி எழுத்து, எண்களைத் தொனியாக அனுப்பாமல் கம்பியைத் துண்டித்துத் துண்டித்துத் துடிப்புகளாக அனுப்பு என்கிறது. ஐந்துக்கு ஐந்து துடிப்பு, பூஜ்யத்துக்குப் பத்து. பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு அந்த மொழி மட்டுமே புரியும்.

‘1.30 – அஞ்சல்’ என்பது, அவர்களது பலகை ஃபிடோநெட்டில் சேர்ந்திருந்ததைக் காட்டுவதாக எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய அந்த வலையில், ஒரு பலகை இன்னொன்றை நள்ளிரவுக்குப் பின் அழைத்துக் கடிதங்களை மொத்தமாகக் கைமாற்றும். அதற்கென ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில் வேறு யாரும் உள்ளே நுழையக் கூடாது. பின்னிரவில் எஸ்டிடி எனும் வெளியூர் அழைப்புக் கட்டணம் அப்போது குறைவு என்பது, பூத் வாசலில் தூக்கக் கலக்கத்தோடு காத்து நின்ற தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலகின் முதல் பிபிஎஸ் பலகையிலேயே இந்தக் கம்பி வேலைக்கு ஓர் ஆள் இருந்தார். 1978 பிப்ரவரியில் சிகாகோவில் அது தொடங்கியபோது, வார்ட் கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார். ரேண்டி சூஸ் வன்பொருளைக் கட்டி, இயந்திரத்தைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். வேகம் நொடிக்குச் சுமார் 30 எழுத்து. நிரல் எழுதியவரை நினைவில் வைத்திருப்பவர்கள் கம்பியைக் காத்தவரை அவ்வளவாகச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

கேள்வி: மழைக்காலத்தில் தொலைபேசியில் கரகரவென்று சத்தம் வந்தாலும் பேச முடிந்ததே, மோடம் மட்டும் ஏன் துண்டித்துக்கொண்டது?
– வாசகி ஒருவர், குலசேகரம்

பதில்: பாதி கேட்டாலே மீதியை நம் மனம் நிரப்பிக்கொள்ளும், மோடத்துக்கு அது வராது. நொடிக்கு 300 பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு) வேகத்தில் ஒலி இரண்டு சுருதிகளுக்கு இடையே மாறினால் போதும் என்பதால் இரைச்சலை ஓரளவு தாங்கியது. 14,400 வேகத்திலோ ஒவ்வோர் அசைவிலும் ஆறு பிட்டுகளைத் திணித்தார்கள். கேபிள் இணைப்பில் ஈரம் இறங்கினால் அந்த நுட்பமான வேறுபாடுகள் கலங்கி, திரையில் அலைக்குறிகளும் அடைப்புக்குறிகளும் கொட்டும். கிறிஸ்டென்சன் 1977இல் எழுதிய எக்ஸ்மோடம் முறை, கோப்பை 128 பைட்டுத் துண்டுகளாக்கி, பைட்டுகளின் கூட்டுத்தொகை பொருந்தாத துண்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கியது. ஆனால் இணைப்பே அறுந்தால் அதுவும் கைவிட்டுவிடும். இரு பருவமழையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில் இடி முழங்கினால், மின்சாரச் செருகியைப் பிடுங்குவதோடு தொலைபேசிக் கம்பியையும் மோடத்திலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. மின்னல் இரண்டு வழியாகவும் வரும்.