அக்காட்ட கேளுங்க: பழசையே நினைக்கது நோயாக்கா?

கேள்வி: அக்கா, எனக்கு குலசேகரம் பக்கம், வயசு 34. வீட்டுக்காரரு 11 வருஷமா துபாய்ல, எதைக் கேட்டாலும் "மாடி வேலை முடியட்டும்"ங்காரு, போன லீவுக்கு வந்தவரு மாசம் முழுக்க கொத்தனாரு, கம்பி, சிமெண்டுன்னே ஓடிட்டு பிளைட் ஏறிட்டாரு. மாமனாரு ரப்பர் வெட்டுறவரு, பாலெடுத்து ஷீட் அடிச்சு முடிச்சதும் திண்ணைல உக்காந்து, 30 வருஷத்துக்கு முந்தி பாகம் வச்சப்போ தம்பி ஏமாத்தின கதைய ஆரம்பிச்சிருவாரு. வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்துச்சு, நேத்தும் வேண்டாம் நாளையும் வேண்டாம், இன்னைக்கு மட்டும் வாழுன்னு. இதை இவங்க ரெண்டு பேருக்கும் எப்படிப் புரிய வைக்கது? நான் எதுலயும் தலையிடறதில்ல, பி.எட் சேரணும்னு இருந்தேன் அதுவும் விட்டுப் போச்சு, நடக்கது நடக்கும்னு இருக்கேன்.

பதில்: மக்களே, அந்த வீடியோவ முதல்ல டெலீட் பண்ணு. காலத்தை மனுஷங்க எப்படிப் பாக்காங்கன்னு அளக்கதுக்கு 1999ல பிலிப் ஜிம்பார்டோ, ஜான் பாய்டுன்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க 56 வாக்கியத்துல ஒரு கேள்வித்தாள் போட்டாங்க. அவங்க நேத்து, இன்னைக்கு, நாளைக்குன்னு மூணோட நிக்கல, அஞ்சாப் பிரிச்சாங்க: கசந்துபோன பழசு, ஆசையா நினைக்கற பழசு, ஜாலியா இருப்போம்ங்கற இன்னைக்கு, எல்லாம் விதிங்கற இன்னைக்கு, அப்புறம் நாளைக்கு. இதுல மனச்சோர்வு, பதட்டத்தோட சேந்து வந்தது கசந்த பழசும் விதிங்கறதும்தான். பழசை ஆசையா நினைக்கறவங்க பெரும்பாலும் நல்லாவே இருந்தாங்க. (சோர்வு முந்தியா கசப்பு முந்தியான்னு இதை மட்டும் வச்சு சொல்லிர முடியாது, அதையும் சொல்லிருதேன்.)

எங்க பாட்டா 1956 நவம்பர் 1, நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேந்த நாளைப் பத்தி ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பாரு, சொல்லும்போது மொகமே வேற மாதிரி ஆயிரும், அதே ஆளு நெலத் தகராறு கதைய எடுத்தா அன்னைக்கு ராத்திரி சோறு எறங்காது. ரெண்டும் பழசுதான்!

அதனால மாமனாருகிட்ட "மறங்க மாமா"ன்னு சொல்லாத, சொன்னா இன்னும் ஒரு மணி நேரம் ஓடும். கத்தி ஆழமாப் போயி தடியில பட்டுட்டா அந்த இடத்துல பட்டை முண்டு முண்டாத்தான் திரும்ப வளரும்னு உனக்குத் தெரியாததா, அவரு தெனமும் அந்த இடத்துலயே வெட்டிட்டு இருக்காரு. பக்கத்துல கட்டஞ்சாயா வச்சுட்டு, "மாமா, ஒங்களுக்கு வெட்டு யாரு பழக்கினது, மொத மரம் எந்த விளையில நின்னுச்சு"ன்னு கேட்டுப் பாரு. ஒரே நாள்ல மாறாது, ஆனா வேற கதையும் அவருகிட்ட இருக்கும்.

வீட்டுக்காரரு விஷயம் அவ்வளவு மோசமில்ல. நாளைய யோசிக்கறவங்கதான் படிக்காங்க, சேக்காங்க, அவருக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஆளுகிட்ட "இன்னைக்கு வாழுங்க"ன்னு சொன்னா ஏறாது, தேதி குடுத்தா ஏறும். அடுத்த லீவு லிஸ்ட்ல சிமெண்டுக்குக் கீழயே "திற்பரப்பு, பிள்ளைங்களோட, இந்தத் தேதி"ன்னு எழுதிப் போடு. ஒங்களுக்கு அருவி எவ்வளவு தூரம், எட்டிப் பாத்தா வந்துரும், 11 வருஷத்துல எத்தனை தடவை சேந்து போயிருக்கீங்க?

இப்போ ஒன்னையப் பத்தி. லெட்டர் முழுக்க அவங்க ரெண்டு பேரத்தான் எழுதியிருக்க, ஒனக்குன்னு எழுதினது கடைசி ஒரு வரி, அதுலதான் எனக்குக் கண்ணு நின்னுச்சு. அந்த "நடக்கது நடக்கும்"தான் நான் மேல சொன்ன நாலாவது, மூணு பேருல எனக்குக் கவலை ஒன்ன நினைச்சுத்தான். தூக்கம், பசி எல்லாம் சரியா இருக்கா? இல்லன்னா 14416க்கு, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், ஒரு போன் போடு, காசு கிடையாது. சரியா இருக்குன்னா, டிகிரி சர்டிபிகேட்ட பீரோல இருந்து எடுத்து வை, இந்த வருஷம் பி.எட் அப்ளிகேஷன் எப்போன்னு பக்கத்துக் காலேஜ்ல கேளு, கேட்டுட்டு எனக்கு எழுது. மாமனாரு கதைய அடுத்த லெட்டர்ல பாத்துக்கலாம்.