புத்தகத்தை அவளிடம் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சில மாதங்களாக, கொடிய எதிர்கால உலகைக் காட்டும் டிஸ்டோபியா நாவல்களைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. சென்ற வாரம் அவள் கையில் இருந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலின் பின்னட்டையைப் படித்துப் பார்த்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டுமாம், அதை நாடே டி.வி.யில் பார்க்குமாம். வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். விஞ்ஞானக் கதை என்று வாதாடுகிறாள். அதில் விஞ்ஞானம் இருப்பதாகவும் தெரியவில்லை. நம்பிக்கையூட்டும் நூல்கள் எத்தனையோ இருக்க, பிஞ்சு மனதுக்கு இந்த இருட்டு எதற்கு? 10 வயது மகனும் இப்போது இதே புத்தகங்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறான்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பின்னட்டையைப் படித்தீர்கள், பூட்டினீர்கள். இடையில் முந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தனவே, அவற்றை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் படிக்காத புத்தகத்துக்குத் தீர்ப்பு எழுதுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

முதல் சில பக்கங்களைத் தாண்டியிருந்தால், அந்தக் கொலை ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு குலுக்கலைப் பார்த்திருப்பீர்கள். 12 மாவட்டங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறுவன், ஒரு சிறுமி, மொத்தம் 24 பேர். 12 வயதில் உங்கள் பெயர் ஒரு சீட்டில் இருக்கும். 13 வயதில் இரண்டு சீட்டு. 18 வரை இப்படி ஏறிக்கொண்டே போகும். பார்வைக்கு எல்லோருக்கும் ஒரே விதிதான். ஆனால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் இன்னொரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, ஓராண்டுக்கான சொற்பத் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சீட்டு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் பெட்டியிலேயே கிடக்கும். குடும்பத்துக்குச் சோறு போட்ட கேல் என்ற பையனின் பெயர், 18 வயதில் 42 சீட்டுகளில் இருக்கிறது. மேயரின் மகளுக்குக் கூடுதல் சீட்டு எழுத வேண்டிய நிலையே வந்ததில்லை. குலுக்கலில் யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை. அநியாயம் சட்டப்படியே எப்படி நடக்கும் என்பதை ஒரு 13 வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாடநூல் எதையும் நான் பார்த்ததில்லை.

கொலைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. டி.வி. சேனல்களை மாற்றிக்கொண்டே வந்தபோது போட்டி நிகழ்ச்சியும் போர்க்களக் காட்சியும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்ததில்தான் இந்தக் கதை பிறந்தது என்று அதன் ஆசிரியர் சூசன் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். முதல் பாகம் 2008இல் வந்தது. மூன்றாம் பாகம் 2010இல் வந்தது. அதில் கொடுங்கோலாட்சி வீழ்ந்த பிறகு வென்றவர்கள் கூடி உட்கார்ந்து, தோற்றவர்களின் பிள்ளைகளை வைத்துக் கடைசியாக ஒரு முறை அதே ஆட்டத்தை நடத்தலாமா என்று ஓட்டெடுக்கிறார்கள். ரத்தத்தை ரசிக்க வைக்கும் கதை இப்படி ஒரு கேள்வியை வாசகரின் மடியில் கொண்டுவந்து போடாது. முதல் பாகத்தோடு அவளை நிறுத்திவிட்டால்தான் வெறும் ஆட்டம் மட்டும் மனதில் தங்கும்.

உங்கள் மகள் ஏன் இந்த வகையையே தேடித் தேடிப் படிக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்தக் கதைகளில் வரும் வயதுகளைக் கவனியுங்கள். காலின்ஸின் குலுக்கல் 12 வயதில் தொடங்குகிறது. லோயிஸ் லவ்ரியின் 'தி கிவர்' நாவலில் 12 வயதானதும் ஊர்ப் பெரியவர்கள் மேடைக்கு அழைத்து, வாழ்நாள் முழுக்க என்ன வேலை என்று அறிவித்துவிடுகிறார்கள். ஜான் கிறிஸ்டஃபரின் 'தி வைட் மவுண்டன்ஸ்' (1967) கதையில் 14 வயதில் தலையில், மனதை அடக்கும் ஓர் உலோக வலையைப் பொருத்துகிறார்கள். நேற்றுவரை கூடவே சுற்றிக் கேள்வி கேட்ட தோழன், இன்று அவற்றையெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட்டுப் போகிறான். ஸ்காட் வெஸ்டர்ஃபெல்டின் 'அக்லீஸ்' (2005) நாவலில் 16 வயதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி அழகான முகம் வைத்து அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். பெரியவர்கள் ஒரு பிள்ளையைத் தங்களுக்கு வேண்டிய வடிவத்தில் வார்த்தெடுக்கும் வயது இது. மதிப்பெண், தரவரிசை, தோற்றம், நீ என்னவாகப் போகிறாய் என்ற ஓயாத விசாரணை, எல்லாம் உங்கள் மகளைச் சுற்றி இப்போதே நடக்கின்றன. கதை நடப்பது எதிர்காலத்தில்தான். அவள் படிப்பது தன் நிகழ்காலத்தை.

'தி கிவர்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே, சிறந்த சிறுவர் நூலுக்கு அமெரிக்காவில் தரப்படும் நியூபெரி பதக்கம் பெற்ற நூல். அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பெற்றோர் அடிக்கடி ஆட்சேபம் தெரிவித்த நூல்களில் அதுவும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் பசி கிடையாது, சண்டை கிடையாது, யாரும் குரலை உயர்த்துவதில்லை. கதையின் நாயகன் ஜோனாஸ் என்ற சிறுவன். அவன் அப்பா பச்சிளங்குழந்தைகளைப் பராமரிப்பவர், தங்கமான மனிதர். ஒருநாள், இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஊரிலிருந்து 'விடுவிக்கும்' வேலை அவருக்கு. அது என்ன சடங்கு என்று தெரியாத ஜோனாஸ் அதன் பதிவைப் போட்டுப் பார்க்கிறான். அப்பா வழக்கம்போல் கொஞ்சிப் பேசிக்கொண்டே குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி போடுகிறார். கை கால் அசைவது நின்றதும் அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் குப்பை போகும் வழியில் தள்ளிவிட்டு, செல்லமாக விடைகொடுக்கிறார். அவருக்குக் கோபமில்லை, வெறுப்பில்லை. விதி அப்படி, அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தை ஒரு பிள்ளை மறக்காது. மறக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். கெட்டவன் கெட்ட முகத்தோடு வருவான் என்று நாம் சொல்லித் தரும் எத்தனையோ கதைகளுக்கு இது பதில். நம்பிக்கை கேட்டீர்கள். பதிவைப் பார்த்த பிறகு ஜோனாஸ் என்ன செய்கிறான் என்பதில்தான் அது இருக்கிறது. அதைச் சொல்லி உங்கள் வாசிப்பைக் கெடுக்க மாட்டேன்.

விஞ்ஞானம் எங்கே என்ற கேள்விக்கு அதிக இடம் வேண்டாம். எச்.ஜி. வெல்ஸ் 1895இல் 'தி டைம் மெஷின்' எழுதியபோது இயந்திரத்தை விவரிக்கச் செலவிட்டது கொஞ்சம்தான். உழைப்பவர்களும் பிறர் உழைப்பில் வாழ்பவர்களும் பிரிந்தே இருந்தால் எட்டு லட்சம் ஆண்டுகளில் இரண்டு வேறு இனங்களாகிவிடுவார்களோ என்பதுதான் அவர் கேள்வி. தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அப்படித்தான். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும் என்கிற ஒரு நாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இந்த வகையில் வருவதெல்லாம் நல்ல நூல் என்று நான் சொல்லவில்லை. ஒன்று வெற்றி பெற்றதும் அதே அச்சில் வரிசையாக வந்து குவிந்தன. கொடுங்கோல் அரசு வெறும் திரைச்சீலையாகத் தொங்க, முன்னால் இரண்டு பையன்களில் யாரைக் காதலிப்பது என்று கதாநாயகி மூன்று பாகங்களுக்குத் தவித்துக்கொண்டிருப்பாள். இவற்றைப் பிரித்தறிய நான் பார்ப்பது ஒன்றுதான். அந்த உலகத்தின் அடிப்படை விதியை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நடக்கிறதா? நடந்தால், அந்த நூலுக்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். சீட்டுக் கணக்கை எடுத்துவிட்டால் காலின்ஸின் கதை ஓர் அடி நகராது. இந்தச் சோதனையை மகளுக்கே சொல்லிக் கொடுங்கள். உங்களைவிட வேகமாகக் கழித்துக் கட்டுவாள்.

பூட்டைத் திறந்து அந்தப் புத்தகத்தை இன்றே அவளிடம் கொடுங்கள். அவள் முடித்ததும் நீங்கள் வாங்கிப் படியுங்கள். படித்தபின், "இதில் உனக்கு என்ன புரிந்தது?" என்று தேர்வு வைக்காதீர்கள். கதாநாயகி கேட்னிஸ் செய்தது சரியா என்று உங்களுக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்த ஓர் இடத்தைச் சொல்லுங்கள். பேச்சு தானே தொடங்கும்.

மகனைப் பொறுத்தவரை உங்கள் தயக்கம் சரியே. 10 வயதில் 'ஹங்கர் கேம்ஸ்' வேண்டாம். மேடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962) கொடுங்கள். அதில் ஒரு தெரு வருகிறது. எல்லா வீடும் ஒரே அச்சு. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிள்ளை, எல்லாப் பந்தும் ஒரே நொடியில் தரையைத் தொடுகிறது. ஒரு சிறுவனின் பந்து மட்டும் தவறி உருண்டுவிட, அவன் அம்மா பதறி ஓடிவந்து அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். ஒரு துளி ரத்தம் இல்லை. 10 வயதுக்கு அந்தப் பயம் போதும். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நூல் அது. வெளிவந்த மறு ஆண்டே நியூபெரி பதக்கம் வாங்கியது. 'தி கிவர்' இன்னும் இரண்டு ஆண்டுகள் பொறுக்கட்டும். ஜோனாஸின் வயது வந்ததும் கொடுங்கள், அதற்குள் நீங்களும் படித்துவிட்டு.