நிலத்தை விட்டதும் கால் பலமும் போவதேன்?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. போன வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். அதிலிருந்து திண்ணையே கதி. காலில் பலமில்லை என்கிறார். மூன்று வேளையும் கஞ்சி, ஊறுகாய்தான். பேச்சும் குறைந்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காலைச் சோதித்துப் பாருங்கள். கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடி எழுந்து எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 70–74 வயது ஆண் 12 முறைகூட எழ முடியாவிட்டால் விழுகிற ஆபத்து அதிகம். இதுவே பயிற்சியும்கூட. காலையும் மாலையும் ஐந்தைந்து முறையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டிப் பத்துக்குக் கொண்டுவாருங்கள். மூச்சை அடக்கக் கூடாது. முழங்கால் வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டுங்கள். நடந்தால் போதும் என்பார்கள். தொடைத் தசைக்கு அது போதாது. இத்தனை நாள் அதைக் காத்தது குனிந்து நிமிர்ந்த வயல் வேலை.

கஞ்சிக்குக் காரணம் பெரும்பாலும் பல்தான், பாருங்கள். சுண்டலை மெல்ல முடியாதவருக்குப் பயறைக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். 50 கிலோ எடைக்கு நாளுக்கு 50–60 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஐம்பது கிராம் பயறில் ஏறக்குறைய 12, ஒரு தம்ளர் பாலில் 6. மிச்சம் சோறு, பருப்பு, தயிர், மீனிலிருந்து வரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு டீஸ்பூன். ஊறுகாயே பாதியைத் தின்றுவிடும்.

ராத்திரி வெளியே போகப் பயந்து பலர் தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். மலச்சிக்கலும் தலைச்சுற்றலும் அங்கிருந்துதான். பொழுது சாய்வதற்குள் குடிக்கவையுங்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு விளக்கு போடுங்கள்.

பேச்சு குறைந்ததற்கு மருந்து ஓய்வல்ல. "நீங்க சும்மா இருங்கப்பா" என்று நாம் அன்பாகச் சொல்வது அவர் காதில் "உங்களால் ஆகாது" என்றுதான் விழும். குத்தகைக் கணக்கு அவரிடமே இருக்கட்டும். மாடிருந்தால் பால் சொசைட்டிக்கு அவரே போகட்டும்; அங்கே நாலு பேரையும் பார்ப்பார். பேருக்குக் கொடுத்த வேலையென்றால் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்.

பிரஷர், சுகர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியே வீட்டுக்கே வருகிறதே என்று பரிசோதனையை விடாதீர்கள். எடை தானாகக் குறைந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் சோர்ந்தே கிடந்தாலோ, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.