மேல்கையில் ஒரு செஸ் பலகை

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்பது வயதிலிருந்து செஸ் ஆடுகிறேன். ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை. 1921-இல் செஸ் வீரர் ரிச்சர்ட் ரேட்டி அமைத்த புகழ்பெற்ற இறுதியாட்டப் புதிரை முன்கையில் டாட்டூ குத்திக்கொள்ள ஆசை. "நீங்க என்ன கிராண்ட்மாஸ்டரா?" என்று மனைவி சிரிக்கிறாள். நாளைக்கே ஆர்வம் போய்விட்டால்? விடையையும் கீழே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: கோப்பை வாங்கியவர்கள் கோப்பையைக் குத்திக்கொள்ளட்டும். முப்பத்திரண்டு வருஷம் தோற்றும் ஒருவர் பலகையை மூடவில்லை என்றால், அதைக் குத்திக்கொள்ளும் உரிமை அவருக்குத்தான் அதிகம்.

முதலில் என் கதை. என் வலது கெண்டைக்காலில் ஒரு சைக்கிள் இருக்கிறது. பதினான்கு வருஷம் ஆகிறது. சைக்கிளுக்கு வழக்கமாக செயின் வலப்பக்கம்தான். குத்தியவர் படத்தை இடவலம் மாற்றி ஒட்டிவிட்டார். என் வண்டிக்கு செயின் இடப்பக்கம். குத்தி முடிக்கும்வரை நானும் கவனிக்கவில்லை. கூட ஓட்டும் நண்பர்தான் இரண்டு நாள் கழித்துச் சொன்னார். சைக்கிள் ஓட்டாத யாரும் இன்றுவரை அதைக் கண்டுபிடித்ததில்லை. ஆனால் டாட்டூவை உற்றுப் பார்ப்பவர்கள் ஓட்டுபவர்கள்தானே!

உங்கள் பலகைக்கும் இதே ஆபத்து உண்டு. ஆடுபவருக்கு அருகில், வலது கைப்பக்கம் உள்ள மூலை வெள்ளைக் கட்டமாக இருக்க வேண்டும். உங்கள் புதிரில் வெள்ளை ராஜா வலது மேல் மூலையில், கறுப்புக் கட்டத்தில் நிற்கிறார். மற்ற மூன்று காய்களும் வெள்ளைக் கட்டங்களில். ஸ்டென்சிலை ஒட்டியதும், ஊசி படும் முன், இதை நீங்களே எண்ணிப் பாருங்கள். குத்துபவருக்கு செஸ் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்று. கையைத் தொங்கவிட்டால் மற்றவர்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரிதான் பெரும்பாலும் குத்துவார்கள். நீங்கள் குனிந்து பார்க்கும்போது பலகை தலைகீழாக, அதாவது கறுப்பின் பக்கமிருந்து தெரியும். அது பரவாயில்லையா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

முன்கை வேண்டாம் என்பது என் கட்சி. உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பிப் பாருங்கள், முன்கைத் தோல் முறுக்கிக்கொள்ளும். பூ, பறவை என்றால் தாங்கும். நேர்க்கோட்டுக் கட்டங்கள் கோணலாகிவிடும். மேல்கையின் வெளிப்பக்கம் அவ்வளவு முறுக்காது.

அளவில் கஞ்சத்தனம் கூடாது. மை தங்குவது மேல்தோலுக்கு அடியில் உள்ள அடுத்த அடுக்கில். அங்கே உடலின் பாதுகாப்புச் செல்கள் மைத்துகள்களை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் அழியாமல் நிற்கிறது. ஆனால் வருஷம் ஆக ஆகக் கோடு தடிக்கும். கட்டம் ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டராவது விடுங்கள். எட்டு சென்டிமீட்டர் பலகை பெரிதுதான், சரி. சிறிதாகப் போட்டால் ராஜா தலையிலுள்ள சிலுவை பத்து வருஷத்தில் மச்சம் மாதிரி ஆகிவிடும். கறுப்புக் கட்டங்களை முழுக்க மையால் நிரப்பாதீர்கள். பழைய செஸ் புத்தகங்களில் இருப்பதுபோல் சாய்கோடுகள் போதும், வலியும் குறையும். வெள்ளைக் காய்களுக்கு வெள்ளை மை வேண்டாம், மாநிறத் தோலில் அது சீக்கிரம் மங்கிவிடும். வெளிக்கோடு மட்டும் போட்டு உள்ளே தோலை அப்படியே விடச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் தெரிந்ததுதான்: புது ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், ஆறும்வரை நீச்சல் கிடையாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது. காயம் பட்டால் தழும்பு மேடாகத் தடித்து வளரும் உடம்பு என்றால், தோல் மருத்துவரைப் பார்க்காமல் போகாதீர்கள்.

ஆர்வம் போய்விட்டால்? முழங்கால் வலியால் நான் சைக்கிளைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. காலில் இருப்பதைப் பார்த்தால் இன்னும் பெடலைத் தேடுகிறது கால். அந்தத் தப்பான செயின் மீதுகூட இப்போது கோபமில்லை.

அப்புறம், விடை. வெள்ளை ராஜா எதிராளியின் சிப்பாய்க்கு இரண்டடி பின்தங்கி நிற்கிறார். அவருடைய சொந்தச் சிப்பாயோ கறுப்பு ராஜாவின் கைக்கெட்டும் தூரத்தில். இரண்டையும் ஒரே நடையில் சமாளித்து, தோற்க வேண்டிய ஆட்டத்தை டிரா ஆக்குவதுதானே புதிரின் அழகு? அதைப் போய் எழுதிவைப்பார்களா! பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் உங்கள் கையையே முறைத்துப் பார்த்துவிட்டு, "சார், இதுல வெள்ளை தோத்தாச்சே?" என்று கேட்கட்டும்.